"சீ, கீழே போடு!" என்று சொல்லாதீர்கள்

"அம்மா! இங்கே வந்து பாரேன்!"

புழக்கடையில் இருந்து ஓடி வருகிறான் பையன். வயது ஆறு இருக்கும். வலது கையைப் பொத்தி வைத்திருக்கிறான். முகம் எல்லாம் சிரிப்பு.

அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்க்கிறாள். பையன் மெல்லக் கையைத் திறக்கிறான். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு புழு நெளிகிறது.

"சீ! கருமம்! கீழே போடு!"

அம்மா கையைத் தட்டி விடுகிறாள். புழு தரையில் விழுகிறது. விளக்குமாறு வருகிறது. அத்துடன் புழுவின் கதை முடிந்தது.

புழுவின் கதை மட்டுமா முடிந்தது? பையன் கேட்க நினைத்த கேள்விகளும் அத்துடன் போய்விட்டன. இது என்ன புழு? எதைத் தின்னும்? எங்கே தூங்கும்? பெரிதானால் என்ன ஆகும்?

அம்மாவைக் குறை சொல்வதற்கு இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. புழு கடித்துவிடுமோ, கை அரிக்குமோ என்ற பயம் வேறு. பெற்ற மனம் அப்படித்தான் பதறும்.

ஆனாலும், அந்த ஒரு நிமிடத்தில் பெரியவர்கள் சொல்லும் ஒரு சொல் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் நிற்கும். அதற்கு இரண்டு கதைகள் உண்டு. இரண்டும் உண்மையில் நடந்தவை.

வாத்து மேய்த்த சிறுவன்

பிரான்சு நாட்டில் ஒரு மலைக் கிராமம். அங்கே ஓர் ஏழைக் குடும்பம். வீட்டில் வாத்துக் குஞ்சுகள் வளர்த்தார்கள். அவற்றைக் குட்டைக்கு ஓட்டிச் செல்வது சிறுவனின் வேலை.

வாத்துகள் நீந்தும். சிறுவன் குட்டையைச் சுற்றிச் சுற்றி வருவான். அங்கே ஒருநாள் நீல நிறத்தில் ஒரு சின்ன வண்டு கிடைத்தது. அப்படி ஒரு நீலத்தை அவன் பார்த்ததே இல்லை! வெறும் நத்தைக் கூடு ஒன்றை எடுத்தான். அதற்குள் வண்டை விட்டு, இலையால் வாயை அடைத்துக்கொண்டான். பளபளக்கும் கற்களையும் பொறுக்கிப் பைகளில் நிரப்பினான். புதையல் கிடைத்தது போல வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் என்ன நடந்தது?

வாத்து மேய்க்கப் போனவன் கல் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறானே என்று தகப்பனார் சீறினார். எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொன்னார். சட்டைப் பை கிழிகிறது, பூச்சி ஏதாவது கையைக் கொட்டிவிடப் போகிறது என்று தாயார் வருந்தினாள். சிறுவன் அழாக்குறையாகப் போய் எல்லாவற்றையும் குப்பை மேட்டில் கொட்டினான். நீல வண்டும் குப்பைக்குப் போயிற்று.

அந்தச் சிறுவன்தான் ழான் ஆன்றி ஃபாபர். உலகம் போற்றும் பூச்சி ஆராய்ச்சியாளர். 1823-ல் பிறந்தவர்.

வறுமையில் படித்துப் பள்ளி ஆசிரியர் ஆனார். நெடுங்காலம் கழித்து, 1879-ல், சேரிஞான் என்ற ஊரில் வீட்டுடன் ஒரு நிலம் வாங்கினார். முள்ளும் கல்லும் நிறைந்த தரிசு நிலம்! உழவனுக்கு உதவாத அந்த நிலம் பூச்சிகளுக்குச் சொர்க்கமாக இருந்தது. அவருக்கு அது போதும்.

பூச்சியைக் கொன்று ஊசியில் குத்தி வைப்பதில் அவருக்கு நாட்டம் இல்லை. உயிருள்ள பூச்சியைத்தான் பார்த்தார். அது எப்படி வேட்டையாடுகிறது, எப்படிக் கூடு கட்டுகிறது என்று மணிக்கணக்கில் தரையில் குனிந்து கவனித்தார். கண்டதைக் கதை போல 10 பாகங்களாக எழுதினார். 1915-ல், 91-வது வயதில் காலமானார்.

இத்தனை புகழ் வந்த பிறகும், குப்பை மேட்டுக்குப் போன அந்த நீல வண்டை அவர் மறக்கவில்லை. முதுமையில் எழுதிய நூலில் அதைச் சொல்லியிருக்கிறார்.

ஃபாபருக்குப் பிடிவாதம் இருந்தது. தப்பித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பிடிவாதம் இருக்குமா?

குருவியோடு போன சிறுவன்

இன்னொரு கதை நம் நாட்டில் நடந்தது.

பம்பாயில் ஒரு சிறுவன். தாய் தந்தை இருவரையும் மிகச் சிறு வயதிலேயே இழந்தவன். மாமா வீட்டில் வளர்ந்தான். விளையாட்டுத் துப்பாக்கியால் ஒருநாள் ஒரு குருவியைச் சுட்டான். கையில் எடுத்துப் பார்த்தான். ஊர்க் குருவி போலத்தான் இருந்தது. ஆனால் கழுத்தில் மட்டும் மஞ்சள் நிறம்!

"இது என்ன குருவி?" என்று மாமாவைக் கேட்டான்.

மாமாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் எரிந்து விழவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கேட்கலாம் என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அங்கே கழகத்தின் செயலாளராக இருந்தவர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். அது 1908-ம் ஆண்டு. வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். செத்த குருவியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே போனான் சிறுவன்.

மில்லார்டு அவனை விரட்டவில்லை. குருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். மஞ்சள் கழுத்துக் குருவி என்று பெயர் சொன்னார். அதோடு விடவில்லை. இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அங்கே பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார்.

அந்தச் சிறுவன்தான் சலீம் அலி. இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். 1976-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987-ல் மறைந்தார். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அவர் வைத்த பெயரிலேயே ஒரு குருவி இருக்கிறது!

"எனக்கு என்ன தெரியும்?"

"நாலு எழுத்துப் படிக்கவே எனக்கு இப்போதுதான் வந்தது. பூச்சியைப் பற்றி நான் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு.

சலீம் அலியின் மாமாவை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் விடை தெரியவில்லை. தெரியாததை மறைக்கவில்லை. பையனின் கேள்வியை மட்டும் மதித்தார். அவ்வளவுதான்!

பிள்ளை கேட்கும்போது பெரியவர்கள் சொல்ல வேண்டியது இதுதான்: "எனக்கும் தெரியாது. வா, பார்ப்போம்!"

இதற்குப் பட்டப் படிப்பு வேண்டாம். பணம் வேண்டாம். பத்து நிமிடம் போதும்.

உலகில் இதுவரை பெயர் வைத்திருக்கும் பூச்சி வகைகளே ஏறக்குறைய 10 லட்சம். இன்னும் பெயர் வைக்காதவை ஏராளம். எல்லாம் தெரிந்த மனிதர் எங்கும் இல்லை. "தெரியாது" என்று சொல்ல வெட்கம் எதற்கு?

பாட்டிக்கும் இதில் பங்கு உண்டு. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பாள் பாட்டி. அது உண்மையா? பேரன் ஒரு மாதம் பார்க்கட்டும். தட்டான் எந்த நாளில் தாழப் பறந்தது, எந்த நாளில் மழை பெய்தது என்று காலண்டரில் குறிக்கட்டும். பாட்டி சொன்னது சரியா, தவறா என்று அவனே கண்டுபிடிக்கட்டும். விஞ்ஞானம் என்பது வேறு எதுவும் இல்லை. இதுதான்!

சர்க்கரை வைத்துப் பாருங்கள்

எறும்பு இல்லாத வீடு உண்டா? அங்கிருந்தே தொடங்கலாம்.

சுவர் ஓரத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை வையுங்கள். முதலில் ஓர் எறும்பு வரும். சிறிது நேரத்தில் ஒரு வரிசையே வந்துவிடும். இப்போது வரிசைக்குக் குறுக்கே ஈரத் துணியால் ஒரு கோடு துடையுங்கள். எறும்புகள் அந்த இடத்தில் வந்து திகைத்து நிற்கும். அங்கும் இங்கும் தேடும்.

ஏன்? எறும்பு போகும் வழியில் ஒரு வாசனையைத் தரையில் வைத்துக்கொண்டே போகிறது. பின்னால் வரும் எறும்பு அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. துணியால் துடைத்ததும் பாதை அழிந்துவிட்டது. நமக்குக் கண்ணில் தெரியாத சாலை அது!

இந்த எறும்புகளின் வாசனையை ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க அறிஞர் எட்வர்டு வில்சன். ஏழு வயதில் அவர் தூண்டில் போட்டு மீன் பிடித்தார். மீனை வெடுக்கென்று இழுத்தபோது அதன் முள் வலக் கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணின் பார்வை போயிற்று. ஆனால் அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. மிச்சம் இருந்த ஒரு கண்ணின் அருகே பிடித்துப் பார்க்கக்கூடிய சின்ன உயிர்களைப் பார்க்கத் தொடங்கினார். எறும்புகளைப் பற்றி உலகமே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு உயர்ந்தார். 2021-ல் காலமானார்.

திண்ணை ஓரத்துப் பள்ளம்

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குழியானையைத் தெரியும். திண்ணை ஓரத்தில், மழை படாத பொடி மணலில், புனல் போலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கு அடியிலும் ஒரு பூச்சி ஒளிந்திருக்கும். அது பின்பக்கமாகவே நடக்கும்.

குழிக்குள் எறும்பு தவறி விழுந்தால் மேலே ஏற முடியாது. மணல் சரியும். அடியில் இருப்பது தலையால் மணலை வாரி இறைக்கும். எறும்பு மீண்டும் சரிந்து விழும். இடுக்கி போன்ற தாடைகளுக்குள் சிக்கிக்கொள்ளும்.

ஆனால் குழியானையின் கதை அதோடு முடியவில்லை. அது வளர்ந்ததும் மண்ணுக்குள் உருண்டையாகக் கூடு கட்டிக்கொள்ளும். பிறகு வலை போன்ற நான்கு சிறகுகளோடு வெளியே வரும். பார்த்தால் தட்டானைப் போலவே இருக்கும். குழிக்குள் கிடந்ததா இது என்று நம்பவே முடியாது!

தட்டானின் வாலில் நூல்

பூச்சியோடு விளையாடுவது வேறு. பூச்சியை வதைப்பது வேறு. தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்க விடுவதும், அதைக் கல் தூக்க வைப்பதும், பொன்வண்டைத் தீப்பெட்டியில் நாள்கணக்கில் அடைத்து வைப்பதும் நம் ஊர்ப் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்து வருபவை.

இங்கே அடிக்க வேண்டாம். ஒரு செய்தி சொன்னால் போதும்.

தட்டானில் ஒரு வகை நாடு விட்டு நாடு போகிறது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் வேளையில் அவை மாலத் தீவுகளில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அவை இந்தியாவில் இருந்து புறப்பட்டு, காற்றின் துணையோடு இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-ல் ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதினார்.

கடலையே தாண்டக் கூடிய பிறவியின் வாலில் நூலைக் கட்டலாமா? இப்படிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை தானே நூலை அவிழ்த்துவிடுவான்.

தட்டான் நமக்கு நண்பனும்கூட. அது கொசுவைப் பிடித்துத் தின்னும். அதன் குஞ்சு தண்ணீருக்குள் இருந்து கொசுப் புழுக்களைத் தின்னும்.

வீட்டைக் காக்கும் கண்கள்

பூச்சியைப் பார்ப்பது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். அது உயிரைக் காக்கும் வேலையும் ஆகும்.

மலேரியா எப்படிப் பரவுகிறது என்று ஒரு காலத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1897-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி. நம் நாட்டில், செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் கொசு ஒன்றின் வயிற்றை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மலேரியாக் கிருமி அங்கே இருந்தது! 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றி உள்ள தெளிந்த தண்ணீரில்தான் பெரும்பாலும் முட்டை இடுகிறது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு போதும். அந்த முட்டை ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும்.

தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். புழு வளைந்து நெளிந்து மேலே வந்து, வால் நுனியால் மூச்சு விடுவது தெரியும். பார்த்து முடித்ததும் அந்தத் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடச் சொல்லுங்கள்.

ஒருமுறை பார்த்த பிள்ளை பிறகு சும்மா இருக்க மாட்டான். வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி வருவான். எங்கே தண்ணீர் தேங்கியிருந்தாலும் கவிழ்த்துவிடுவான். அவனே வீட்டுக்குக் காவல்காரன்!

எதைத் தொடக்கூடாது?

அம்மாவின் பயத்தில் நியாயமும் இருக்கிறது. எல்லாப் பூச்சியும் சாது அல்ல. அதைச் சொல்லித்தான் தர வேண்டும்.

தேள், பூரான், குளவி, கதண்டு ஆகியவற்றின் பக்கமே போகக்கூடாது. உடம்பெல்லாம் ரோமம் உள்ள கம்பளிப்பூச்சியைத் தொட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். கல்லுக்கு அடியிலும், விறகுக் குவியலிலும், பொந்திலும் கையை விடக்கூடாது.

தேள் கொட்டினால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சிவப்புத் தேள் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தானது.

பிள்ளைகளுக்கு மூன்று விதிகள் போதும். கண்ணால் பார்; கேட்காமல் தொடாதே. பிடித்ததைத் திருப்பி விட்டுவிடு. வீட்டுக்குள் வருமுன் கை கழுவு.

இந்த மூன்றையும் நிதானமாகச் சொன்னால் பிள்ளைக்கு எச்சரிக்கை வரும். அலறிக்கொண்டு சொன்னால் பயம்தான் வரும். எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதைப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. கரப்பான்பூச்சியைக் கண்டு வீட்டில் எல்லோரும் கட்டிலில் ஏறி நின்றால், பிள்ளை மட்டும் எப்படிக் கீழே நிற்கும்?

பச்சைப் புழு என்ன ஆயிற்று?

முதலில் பார்த்த அந்தப் பையனிடம் திரும்பிப் போவோம். அம்மா கையைத் தட்டிவிடாமல் இருந்திருந்தால்?

"எங்கே எடுத்தாய்?" என்று கேட்டிருப்பாள்.

"கறிவேப்பிலைச் செடியில்" என்று சொல்லியிருப்பான்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் இந்தப் பச்சைப் புழு கடிக்காது. முதலில் இது பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். பறவைகளை ஏமாற்ற அந்த வேஷம்! வளர்ந்த பிறகுதான் பச்சை நிறம். சீண்டினால் தலைக்குப் பின்னால் இருந்து சிவந்த கொம்பு போல ஒன்றை நீட்டும். ஒரு நெடியும் அடிக்கும். எதிரியை மிரட்ட அது செய்யும் தந்திரம்.

வாய் அகன்ற ஒரு கண்ணாடிப் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். புழுவைக் கறிவேப்பிலைக் கொத்தோடு உள்ளே விடுங்கள். ஏறுவதற்கு ஒரு குச்சி வையுங்கள். மூடி போட வேண்டாம். மெல்லிய துணியைக் கட்டுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். தினமும் புது இலை கொடுத்து, எச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். வீட்டுச் செடியின் இலைதான் நல்லது. கடையில் வாங்கும் இலையில் மருந்து தெளித்திருக்கலாம்.

ஒருநாள் புழு தின்பதை நிறுத்தும். குச்சியில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொள்ளும். தோலை உரித்துக் கூட்டுப்புழு ஆகும். அசையாது. செத்துவிட்டது என்று பையன் அழுவான். "பொறு, பார்ப்போம்" என்று அம்மா சொல்ல வேண்டிய இடம் இது.

பத்து நாள் போல ஆகும். ஒரு காலையில் கூடு வெடிக்கும். கசங்கிய சிறகுகளோடு ஓர் உயிர் வெளியே வரும். அப்போது தொடவே கூடாது. சிறகு விரிந்து உலர வேண்டும். பிறகு பார்த்தால், கறுப்பு நிறத்தில் வெளிர்ப் புள்ளிகளோடு ஒரு வண்ணத்துப்பூச்சி!

2019-ல் தமிழ்நாடு அரசு தமிழ் மறவன் என்ற வண்ணத்துப்பூச்சியை மாநிலத்தின் சின்னமாக அறிவித்தது. காடுகளில் வாழும் பூச்சி அது. அதைக் காக்கச் சட்டம் மட்டும் போதாது. வண்ணத்துப்பூச்சியை நேசிக்கும் பிள்ளைகளும் வேண்டும். அந்த நேசம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில்தான் தொடங்குகிறது.

பாட்டிலின் துணியை அவிழ்க்கிறான் பையன். வண்ணத்துப்பூச்சி அவன் விரலில் ஏறுகிறது. ஒரு கணம் சிறகை விரித்து மூடுகிறது. பிறகு கறிவேப்பிலைச் செடியைத் தாண்டி, சுவரைத் தாண்டிப் பறந்து போகிறது.

"அம்மா, அது மறுபடி வருமா?"

"எனக்கும் தெரியாது. வா, பார்ப்போம்!"